பழுப்பு முட்டைப் பெட்டி: பத்து முட்டை 170 ரூபாய்

கோவையில் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் பல்பொருள் அங்காடியில், சென்ற மாதம் பழுப்பு முட்டைகள் அடங்கிய அட்டைப் பெட்டி ஒன்று புதிதாக வந்திருந்தது. பத்து முட்டையின் விலை 170 ரூபாய். அன்றைக்குத் தெருமுனைக் கடையில் வெள்ளை முட்டை ஒன்று 7 ரூபாய்க்கு விற்றது. பத்து முட்டைக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கும் அளவுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளவே அதை வாங்கினேன். நாமக்கல்லை அடுத்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில், முட்டை அறையில் பதினோரு ஆண்டுகள் கணக்கும் தரம்பிரிப்பும் பார்த்தவன் நான். எனவே ருசியை மட்டும் வைத்து எழுதாமல், பண்ணையில் முட்டையை எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்த்து எழுதுகிறேன். இரண்டு வார இடைவெளியில் இரண்டு பெட்டிகள் வாங்கிய பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். விற்கும் நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதக் கூழில் வார்த்த பெட்டி. ஒவ்வொரு குழியும் முட்டையின் பாதி உயரத்துக்கு மேல் ஆழமானது. இருசக்கர வண்டியில் வேகத்தடைகளைத் தாண்டி வந்தும் இருபது முட்டைகளில் ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. ஓட்டில் எச்சக் கறை இல்லை. முட்டைகள் கழுவப்படாதவை என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். இது சரியான முடிவு. கோழி இடும்போதே ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடும்படி ஒரு மெல்லிய பூச்சு படிந்திருக்கும், கழுவினால் அது போய்விடும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள், ஆகவே அங்கே 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் பொதுவாகக் கழுவுவதில்லை, கடைகளில் சாதாரண அடுக்கிலேயே முட்டை இருக்கும். நம் ஊர் வெயிலில் குளிர்பெட்டி இல்லாத அடுக்கில் கழுவிய முட்டையை வைப்பது ஆபத்தானது.

அடுத்தது எடை. பெட்டியின் மேல் ‘பெரியது’ என்று போட்டிருக்கிறது. நம் நாட்டு அக்மார்க் தரப்படி 53 முதல் 59 கிராம் வரை உள்ளதுதான் பெரிய முட்டை. 45 முதல் 52 வரை நடுத்தரம். முதல் பெட்டியின் பத்து முட்டைகளையும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். 58, 55, 54, 53 என்று நான்கு தேறின. மீதி ஆறும் 47 முதல் 52 கிராமுக்குள் நின்றன. மொத்தம் 520 கிராம். பெரியது என்று விலை வாங்கிக்கொண்டு பாதிக்கு மேல் நடுத்தரத்தைப் போடுவது தரம்பிரிக்கும் மேசையில் நடக்கும் தவறு. ஆட்கள் கண் அளவில் பிரித்தால் இப்படித்தான் ஆகும். இரண்டாம் பெட்டி சற்று மேல், அதிலும் நான்கு நடுத்தரம் இருந்தன.

பெட்டியின் படத்தில் பச்சைப் புல்வெளியில் செந்நிறக் கோழி ஒன்று மேய்கிறது. பழுப்பு ஓடு என்றாலே நாட்டுக்கோழி என்று பலர் நம்புவதால்தான் இந்தப் படம் விற்கிறது. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. முட்டை கருப்பாதையின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ இருபது மணி நேரம் தங்கித்தான் ஓடு கட்டுகிறது. அதன் கடைசிச் சில மணி நேரத்தில் பழுப்பு இனக் கோழிகள் மேலே ஒரு நிறமியைப் பூசிவிடும். வெள்ளை லெகான் வழி வந்த கோழிகளில் அந்தப் பூச்சு கிடையாது. நாமக்கல் கொட்டகைகளில் பெரும்பாலும் நிற்கும் பிவி 300 என்ற முட்டைக்கோழி ரகம் இந்த வெள்ளை வழியைச் சேர்ந்தது. பிரிட்டன் கடைகளில் பழுப்பு முட்டையே வழக்கம், அமெரிக்காவில் வெள்ளையே மிகுதி. இரண்டு நிற முட்டையிலும் சத்து ஒன்றுதான். பழுப்பு இனக் கோழி உடல் பருத்தது, சற்றே கூடுதலாகத் தீனி தின்னும். அதற்காக முட்டைக்கு ஐம்பது பைசா, ஒரு ரூபாய் ஏற்றினால் நியாயம் என்பேன். பத்து ரூபாய் ஏற்றுவதற்கு நிறம் காரணமாகாது.

மஞ்சள் கருவின் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தையும் பெட்டி பெருமையாகச் சொல்கிறது. உடைத்தால் நிறம் உண்மையிலேயே அழகாக இருக்கிறது. ஆனால் கருவின் நிறம் தீவனத்திலிருந்து வருவது. மக்காச்சோளம் அதிகமானால் மஞ்சள் ஏறும், உடைத்த அரிசியும் கம்பும் அதிகமானால் வெளுக்கும், செண்டுமல்லிப் பூவின் சாறு சேர்த்தால் ஆரஞ்சாகும். பண்ணையில் ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணிட்ட வண்ண விசிறி ஒன்றைக் கருவின் பக்கத்தில் பிடித்து எந்த எண் என்று குறித்துக்கொள்வோம். பூச்சாறு சேர்ப்பதில் தீங்கில்லை. அந்த நிறத்தைக் கோழி வெளியில் மேய்ந்ததற்குச் சான்றாகக் காட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

இனி நான் இந்தப் பெட்டியில் மிகவும் எதிர்பார்த்த புத்தம்புதுத் தன்மைக்கு வருகிறேன். பெட்டியில் பொட்டலமிட்ட நாள் இருக்கிறது, முட்டையிட்ட நாள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்பதை வாங்குபவரால் அறிய முடியாது. முட்டையிடம் கேட்கலாம். இட்ட உடனே முட்டை கோழியின் உடல் சூட்டில், ஏறத்தாழ 41 டிகிரியில், இருக்கும். ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கி, அகன்ற முனையில் காற்று புகுந்து ஒரு சிறு அறை உண்டாகும். நாளாக நாளாக ஈரம் வெளியேறி அந்த அறை பெரிதாகும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி விளக்கை அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்தேன். வெள்ளை முட்டையைவிடப் பழுப்பு முட்டைக்குள் பார்ப்பது கடினம் என்றாலும், பொட்டலமிட்டு நான்கு நாளே ஆன பெட்டியில் காற்றறையின் விளிம்பு சுண்டுவிரல் நகத்தின் உயரத்துக்கு இறங்கியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. தண்ணீரில் போட்டபோது பத்தில் மூன்று கூர்முனை கீழாக நிமிர்ந்து நின்றன. கூமுட்டை எதுவும் இல்லை. சமைத்துச் சாப்பிடுவதில் தடையில்லை. ஆயினும் நான்கு நாள் முட்டை தண்ணீரில் அடியோடு படுத்துக் கிடக்க வேண்டும்.

பிறகு வெள்ளைத் தட்டில் இரண்டு முட்டைகளை அருகருகே உடைத்து ஊற்றினேன்: ஒன்று பெட்டியிலிருந்து, மற்றொன்று தெருமுனைக் கடையில் அன்று காலை வண்டியிலிருந்து இறங்கிய அட்டையிலிருந்து. ஏழு ரூபாய் முட்டையின் கெட்டி வெள்ளை, கருவைச் சுற்றிக் குன்றுபோல் எழும்பி நின்றது. கரு உருண்டையாக, விரலால் தொட்டால் மேலெழும்பியது. பதினேழு ரூபாய் முட்டையின் வெள்ளை தண்ணீராகத் தட்டின் விளிம்பு வரை ஓடி, கரு தட்டையாகிப் பரவியது. கெட்டி வெள்ளையின் உயரத்தையும் முட்டையின் எடையையும் சேர்த்துத் தரம் கணக்கிடும் முறையை ரேமண்ட் ஹா என்பவர் 1937-இல் வகுத்தார். இன்றும் உலகெங்கும் அந்த அளவுகோலே புழங்குகிறது. இந்தத் தட்டுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. முட்டை பழசாகும்போது ஓட்டின் துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, கெட்டித்தன்மை குலைகிறது. வேகவைத்த முட்டை உரிக்க மிக எளிதாக இருந்தது என்று என் மனைவி பாராட்டினார். அதற்கும் இதே காரணம்தான், இட்டு ஓரிரு நாளே ஆன முட்டை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு உரிக்க வராது.

கருத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று, ‘திறந்தவெளியில் வளர்ந்த கோழி’ என்ற வாசகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டை ஓட்டின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் 0 என்றால் இயற்கை வேளாண் முறை, 1 என்றால் திறந்தவெளி மேய்ச்சல், 2 என்றால் கூண்டில்லாத கொட்டகை, 3 என்றால் கூண்டு; அதையடுத்து நாட்டின் குறியீடும் பண்ணையின் எண்ணும் வரும். பழைய வெறுங்கூண்டுகளை அவர்கள் 2012 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டார்கள். இப்போது கூண்டு வைத்தாலும் கோழி ஒன்றுக்கு 750 சதுர செ.மீ. இடமும் முட்டையிட மறைவிடமும் அமர்கோலும் இருக்க வேண்டும். நாம் எழுதும் ஏ4 தாள் ஏறத்தாழ 624 சதுர செ.மீ. நான் வேலை பார்த்த கொட்டகையில் ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் அந்தத் தாளைவிடச் சிறியது. அதற்குள் அது சிறகை விரிக்க முடியாது. அதைப் பதினோரு ஆண்டுகள் தினமும் பார்த்தவன் என்பதால், வெளியில் உலவும் கோழிக்காக யாராவது கூடுதல் விலை கேட்டால் மனமாரக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அந்தக் கோழி உண்மையில் வெளியில் உலவுகிறதா என்பதைத்தான் பெட்டி சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியில் பண்ணையின் ஊர் இல்லை, எண் இல்லை, சான்றளித்தவர் யார் என்ற குறிப்பும் இல்லை.

பெட்டியின் பின்புறம் ஆஃப் பாயில் படம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் சிங்க முத்திரை பதித்த முட்டை என்றால் அதை இட்ட கோழிக்கு, முட்டை வழியே நோய் பரப்பும் சால்மோனெல்லா கிருமிக்கான தடுப்பூசி போடப்பட்டிருக்கும். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் 2017-இல் அந்நாட்டு உணவுத் தர அமைப்பு, கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அத்தகைய முட்டையை அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று அறிவுரையை மாற்றியது. தடுப்பூசி பற்றி ஒரு வரிகூட இல்லாத பெட்டியில் அரைவேக்காட்டுப் படம் போடுவது சரியில்லை. வீட்டில் குழந்தை இருப்பவர்கள் முழுதாக வேகவைத்தே கொடுங்கள்.

வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். முட்டையிட்ட நாள் பற்றி, “சார், பண்ணையிலிருந்து வந்ததும் பேக் பண்ணிடுவோம்” என்றார். பண்ணை எந்த ஊரில் என்றதற்கு, “கேட்டுச் சொல்றேங்க” என்றார். மூன்று வாரமாகியும் அழைப்பு வரவில்லை. கோழியைப் பற்றிக் கேட்டபோது, “பிரவுன் முட்டைங்க, நாட்டுக்கோழி மாதிரிதாங்க” என்று அவர் சொன்னதில் அவர் தவறில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பெட்டிக்கும் சுத்தத்துக்கும் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். எடை, புத்தம்புதுத் தன்மை, சொன்ன வாக்குக்குச் சான்று ஆகிய மூன்றிலும் இது 170 ரூபாய்க்குத் தகுதியானதாக இல்லை, ஐந்துக்கு இரண்டு. அடுத்த பெட்டியில் முட்டையிட்ட நாளும் பண்ணையின் ஊரும் அச்சாகி வந்தால், விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்காவிட்டாலும் மறுபடி வாங்கிப் பார்த்து இதைத் திருத்தி எழுதுவேன். அதுவரை செவ்வாய், வெள்ளிக் காலைகளில் நாமக்கல் வண்டி வந்து போனதும் தெருமுனைக் கடைக்குப் போகிறேன். கடைக்காரர் மேலட்டையை எடுத்து வைத்துவிட்டு, அன்று இறங்கிய அட்டையிலிருந்து எண்ணித் தருகிறார்.