கேபிள் கம்பெனி பெட்டிய வாடகைக்கு வச்சுக்கலாமா, சொந்தமா டீவோ வாங்கலாமா? என் கணக்கு இது

அமெரிக்கால கேபிள் கனெக்‌ஷன் வச்சிருக்கறவங்க டிவில வர்றத ரெக்கார்டு பண்ணி அப்புறமா பாக்கணும்னா ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, கேபிள் கம்பெனி குடுக்கற டிவிஆர்ங்கற ரெக்கார்டிங் பெட்டிய மாச வாடகைக்கு எடுத்துக்கறது. இன்னொண்ணு, டீவோ மாதிரி ஒரு ரெக்கார்டர சொந்தமா வாங்கி, கம்பெனிகிட்ட இருந்து ஒரு கார்டு மட்டும் வாங்கி சொருகிக்கறது. நான் ரெண்டாவது வழில ரொம்ப நாளா இருந்தேன், 2014ல பழைய பெட்டிய வித்துட்டு புதுசும் வாங்குனேன். அதனால இது நடுநிலையான அலசல்னு நினைக்காதீங்க, சொந்தப் பெட்டி பக்கம் தான் நான் சாஞ்சிருக்கேன். ஏன்னு சொல்றேன். இங்க வர்ற விலை, விதி எல்லாம் 2015 ஆகஸ்ட் நிலவரம், இப்போ அப்படி இல்ல, டீவோவே பெட்டி விக்கறத 2025ல நிறுத்திடுச்சு, அதனால இத அந்தக் காலத்துக் கணக்கா படிங்க.

வாடகைப் பெட்டியோட நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். முதல்ல கைக்காசு போட வேண்டாம், கெட்டுப் போனா கொண்டு போய் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வரலாம், நினைச்ச நேரத்துல படம் எடுத்துப் பாக்கற ஆன் டிமாண்ட் எல்லாம் தானா வரும், ஏதாச்சும் பிரச்சினைனா ஒரே நம்பருக்கு போன் பண்ணா போதும். இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல.

ஆனா பில்ல எடுத்து வரி வரியா பாருங்க. எங்க வீட்டு பில்லுல ஹால்ல இருந்த எச்டி டிவிஆருக்கு 19 டாலர், பெட்ரூம்ல இருந்த சாதா பெட்டிக்கு 10 டாலர், ஆக மாசம் 29. வருஷத்துக்கு 348 டாலர், இதுல சேனல் காசு சேராது. ஜனவரி வந்தா சத்தமே இல்லாம ஒரு டாலர் ரெண்டு டாலர் ஏறும். 2015 ஜூலைல செனட்டர்கள் எட் மார்க்கியும் ரிச்சர்ட் புளூமென்தாலும் கேபிள் கம்பெனிங்ககிட்ட கேட்டு வாங்குன விவரத்த வெளியிட்டாங்க, ஒரு வீடு சராசரியா வருஷத்துக்கு 231 டாலர் பெட்டி வாடகையா மட்டும் கட்டுச்சாம், நூத்துக்கு 99 பேர் வாடகைல தான் இருந்தாங்களாம். பத்து வருஷம் கட்டுனாலும் அந்தப் பெட்டில ஒரு ஸ்க்ரூ கூட நம்மளது கிடையாது.

சொந்தமா வாங்குறது சட்டப்படி செல்லுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. தாராளமா செல்லும். 1996 டெலிகாம் சட்டத்துலயே கேபிள் பெட்டிய மக்கள் வெளில கடைல வாங்குற மாதிரி வழி பண்ணனும்னு இருக்கு. அதுல இருந்து பொறந்தது தான் கேபிள்கார்டு, பாக்க பழைய லேப்டாப்ல சொருகுவாங்களே அந்த மாதிரி ஒரு உலோக அட்டை, சேனல திறக்கற சாவி அதுக்குள்ள இருக்கு. 2007 ஜூலைல இருந்து கேபிள் கம்பெனிங்க தாங்க புதுசா வாடகைக்கு விடற பெட்டிக்குள்ளயும் அதே மாதிரி தனி கார்டு தான் போடணும்னு எஃப்சிசிங்கற அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையம் கட்டாயப்படுத்துச்சு. 2010ல இன்னும் ஒரு படி மேல போய், கார்ட நாமளே சொருகிக்க விடணும், கார்டு வாடகைய பில்லுல வெளிப்படையா காட்டணும், சொந்தப் பெட்டி கொண்டு வந்தா பில்லுல அதுக்கேத்த மாதிரி கழிக்கணும்னு சொல்லிட்டாங்க (இந்தக் கார்டு விதிங்க 2020ல போயிடுச்சு). அதனால அப்போ கவுன்டர்ல இருக்கறவர் "அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்லையே"ன்னா நம்ப வேண்டியதில்ல, கேபிள்கார்டு வேணும், எம்-கார்டா குடுங்கன்னு அழுத்திக் கேக்கலாம். அந்த ஒரே கார்டு ஆறு டியூனருக்கும் போதும், ஒரு டியூனர்னா ஒரு நேரத்துல ஒரு சேனல பிடிக்கற பாகம்.

இப்போ கணக்குக்கு வருவோம். நான் வாங்குனது டீவோ ரோமியோ பிளஸ். 400 டாலர், ஆறு டியூனர், 1 டிபி டிஸ்க், எச்டில 150 மணி நேரம் நிக்கும். இதுக்கு மேல சர்வீஸ் காசு தனி, அப்போ மாசம் 15 டாலர் கட்டணும், இல்லன்னா ஒரே தடவையா 500 கட்டி லைஃப்டைம் எடுக்கணும். இன்னொரு ரூமுக்கு மினின்னு ஒரு குட்டிப் பெட்டி, 150 டாலர், அதுக்கு அப்போ மாசக் காசு கிடையாது. லைஃப்டைமோட மொத்தம் 1050. கார்டு வாடகை எங்களுக்கு மாசம் 2 டாலர். அப்போ மாசா மாசம் மிச்சம் 27, போட்ட காசு திரும்பி வர மூணேகால் வருஷம் ஆகும்.

மூணேகால் வருஷம்னதும் பாதிப் பேர் இதோட எழுந்து போயிடுவாங்க, எனக்குத் தெரியும். நண்பர்கள்கிட்ட சொல்லும்போதும் இந்த இடத்துல தான் முகம் சுருங்குது. ஆனா எல்லாரும் விட்டுடற ஒரு விஷயம் இருக்கு, அது தான் என் முடிவுக்கே காரணம். லைஃப்டைம் சர்வீஸ் உங்க பேர்ல இல்ல, பெட்டியோட பேர்ல இருக்கு. அந்தப் பெட்டி உயிரோட இருக்கற வரைக்கும், யார் வீட்ல இருந்தாலும் மாசக் காசு கிடையாது. நீங்க அத வித்தீங்கன்னா வாங்குறவருக்கு அந்த லைஃப்டைம் அப்படியே போகுது. அதனால செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல லைஃப்டைம் இருக்கற டீவோவுக்கு அப்போ இருந்த மவுசே தனி. இதே மாடல் லைஃப்டைம் இல்லாம வந்தா சீந்த ஆள் கம்மி தான்.

என்கிட்ட 2010ல வாங்குன பிரீமியர் இருந்துச்சு, லைஃப்டைமோட. 2014ல அத ஈபேல போட்டேன். நாலு வருஷம் ராப்பகலா ஓடுன மிஷின், 250 டாலருக்குப் போச்சு. விக்கறதும் சுலபம் தான், பெட்டி பின்னாடி ஸ்டிக்கர்ல 15 இலக்கத்துல ஒரு சர்வீஸ் நம்பர் இருக்கும், நம்ம அக்கவுண்ட்ல இருந்து அந்த நம்பர எடுத்துவிட்டா வாங்குனவர் அத தன் அக்கவுண்ட்ல சேத்துக்குவாரு, லைஃப்டைம் தொடரும். விளம்பரம் போடும்போது அந்த ஸ்டிக்கர முழுசா போட்டோ எடுத்துப் போடாதீங்க, கடைசி சில இலக்கத்த மறைச்சிடுங்க. ஸ்க்ரீன்ல அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் லைஃப்டைம்னு காட்டற பக்கத்த மட்டும் தெளிவா எடுத்துப் போடுங்க, வாங்குறவங்க அதத் தான் பாக்கறாங்க.

அந்த 250ஐ இந்தக் கணக்குல கழிச்சுப் பாருங்க. 1050ல 250 போனா 800, மாசம் 27ன்னா ரெண்டரை வருஷத்துல சமம். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் நம்ம பாக்கெட்டுக்கு. இன்னொன்னையும் கவனிங்க, லைஃப்டைம் எடுக்காம மாசம் 15 கட்டுற வழில போனீங்கன்னா மிச்சம் 12 டாலர் தான் நிக்கும், போட்ட 550 திரும்பி வர நாலு வருஷம் கிட்ட ஆயிடும், கடைசில வித்தாலும் பெரிசா ஒண்ணும் கிடைக்காது. அதாவது சொந்தப் பெட்டி வாங்கிட்டு மாசக் கட்டணம் கட்டறது ரெண்டுங்கெட்டான் வேலை, அதுக்கு வாடகைப் பெட்டியே தேவலை. வாங்குனா லைஃப்டைமோட வாங்குங்க, இல்லன்னா வேண்டாம். பல்லக் கடிச்சிக்கிட்டு கட்டற அந்த 500 தான் நாளைக்கு நாலு காசா திரும்பி வரும்.

அதுக்குள்ள பெட்டி செத்துப் போனா? நியாயமான கேள்வி. இந்தப் பெட்டிங்கள்ல பெரும்பாலும் போறது ஹார்டு டிஸ்க், அடுத்து பவர் சப்ளை. ரெண்டையும் மாத்தலாம். சர்வீஸ் நம்பர் மதர்போர்டோட ஒட்டுனது, டிஸ்க மாத்துனா லைஃப்டைமுக்கு ஒண்ணும் ஆகாது. ரோமியோல இது ரொம்பச் சுலபம், பின்னாடி இருக்கற டார்க்ஸ் ஸ்க்ரூவ கழட்டி, மூடிய எடுத்து, பழைய டிஸ்க உருவிட்டு காலியான புது டிஸ்க வச்சா அதுவே ஃபார்மேட் பண்ணிக்கிட்டு எழுந்துடும், 3 டிபி வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. சாதா டிஸ்க் வாங்காம, வீடியோ ரெக்கார்டிங்குக்குன்னே விக்கற டிஸ்கா பாத்து வாங்குங்க, இருவத்திநாலு மணி நேரமும் எழுதிக்கிட்டே இருக்கும் இல்லையா.

வாடகைப் பெட்டில டிஸ்க் போனா என்ன ஆகும்னு எங்க வீட்லயே பாத்திருக்கோம். பசங்களுக்குன்னு சேத்து வச்சிருந்த பிபிஎஸ் சேனல் நிகழ்ச்சிங்க, நாங்க விட்டு விட்டுப் பாத்துட்டு இருந்த சீரியல் எல்லாம் அதுல இருந்துச்சு. கவுன்டர்ல வேற பெட்டி குடுத்தாங்க, யாரோ திருப்பிக் குடுத்தத தொடச்சு வச்சது, ரெக்கார்டிங் மொத்தமும் போச்சு. அதுல இருந்து எதையும் நாம வெளில எடுத்து வச்சுக்கவும் வழி இல்ல. டீவோல நிகழ்ச்சிய கம்ப்யூட்டருக்கு இறக்கி வச்சுக்கலாம், ஆனா இது உங்க கேபிள் கம்பெனியப் பொறுத்தது. சில கம்பெனிங்க கிட்டத்தட்ட எல்லா சேனலுக்கும் ஒரு தடவை தான் காப்பின்னு முத்திரை குத்தி அனுப்புறாங்க, அங்க இறக்க முடியாது. லோக்கல் சேனலுக்கு அந்தத் தொல்லை இல்ல.

மாட்டுறது கஷ்டமான்னு கேட்டா, கார்டையும் பெட்டியையும் ஜோடி சேக்கற கார்டு பேரிங் மட்டும் தான் கொஞ்சம் பொறுமைய சோதிக்கும். கார்ட சொருகுனதும் ஸ்க்ரீன்ல கார்டு ஐடி, ஹோஸ்ட் ஐடி, டேட்டான்னு நீள நீளமா நம்பர் வரும், அத கேபிள் கம்பெனிக்கு போன் போட்டு ஒவ்வொரு இலக்கமா படிச்சுக் காட்டணும், அந்தப் பக்கம் இருக்கறவரத் திருப்பிப் படிக்கச் சொல்லி சரி பாத்துக்கோங்க, ஒரு இலக்கம் மாறுனாலும் லோக்கல் சேனல் வரும், பணம் கட்டுன சேனல் வராது. கண்டிஷனல் ஆக்சஸ்னு ஒரு பக்கம் இருக்கு, சில கார்டுல அங்க வேல் (Val)னு போட்டு பக்கத்துல கேள்விக்குறி நிக்கும். அந்தக் கேள்விக்குறி வி (V) எழுத்தா மாறுனா தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அது மாறுற வரைக்கும் போன வைக்காதீங்க. அப்புறம் முதல்ல போன எடுக்கறவருக்கு இந்த வேலை தெரியலன்னா கேபிள்கார்டுக்குன்னே தனி டெஸ்க் இருக்கான்னு கேட்டு மாத்தச் சொல்லுங்க.

தினப்படி உபயோகத்த நீட்டி முழக்க விரும்பல. ஆறு நிகழ்ச்சி ஒரே நேரத்துல ரெக்கார்டு ஆகும், தேடறது வேகம், வேர்க்கடலை வடிவத்துல இருக்கற அந்த ரிமோட் இருட்டுல கூட கைக்குப் பழகிடும். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், செலக்ட், ப்ளே, செலக்ட், 3, 0, செலக்ட்னு வரிசையா அமுக்குங்க, மூணு தடவை மணி அடிக்கும், அப்புறம் முப்பது முப்பது செகண்டா தாவலாம். ஞாயித்துக்கிழமை ஃபுட்பால விளம்பரம் இல்லாம பாத்து முடிக்க எங்க வீட்ல இது தான். மினிக்கு வைஃபை ஆகாது, ஈதர்நெட் இல்லன்னா கேபிள் வயர் வழியாவே போற மோகா வேணும், ரோமியோ பிளஸ்லயும் ரோமியோ ப்ரோலயும் மோகா உள்ளயே இருக்கு, அப்போ 200 டாலருக்கு வந்த சாதா ரோமியோல இல்ல. அந்த சாதா மாடலுக்கு வேற ஒரு நல்லது உண்டு, அதுல கேபிளுக்குப் பதிலா கூரை ஆன்டெனாவ மாட்டலாம். கேபிளயே வெட்டிடலாம்னு யோசனை இருக்கறவங்களுக்கு அது தான் சரி, பின்னாடி விக்கும்போதும் கேபிள் ஆளுங்க, ஆன்டெனா ஆளுங்க ரெண்டு பேரும் வாங்க வருவாங்க.

இப்போ சொந்தப் பெட்டில இருக்கற சிக்கல். சில கம்பெனிங்க சில சேனல்கள யாராச்சும் கேட்டா தான் அந்தத் தெருவுக்கு அனுப்புவாங்க, ஸ்விட்ச்டு வீடியோன்னு பேரு. அந்த ஏரியால டீவோவோட டியூனிங் அடாப்டர்னு இன்னொரு பெட்டியும் மாட்டணும், கம்பெனியே தரும். எங்க ஏரியால அது இல்ல, அதனால அத நானே வச்சு ஓட்டுன அனுபவம் கிடையாது, தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல அப்பப்போ ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருக்கறத மட்டும் பாத்திருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல எப்படின்னு கேட்டுக்கோங்க. பல கம்பெனில ஆன் டிமாண்டும் டீவோல வராது.

இன்னொரு கவலை சட்டம். 2014 கடைசில அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பாஸ் பண்ணுன சட்டத்தால, கேபிள் கம்பெனிங்க தங்க பெட்டிலயும் தனி கார்டு போடணும்ங்கற கட்டாயம் 2015 டிசம்பரோட போச்சு. நமக்கு கார்டு குடுக்கணும்ங்கற கடமை அப்போ அப்படியே தான் இருந்துச்சு (அதுவும் 2020ல போயிடுச்சு), ஆனா தன் பெட்டிக்கே தேவைப்படாத ஒண்ண அவங்க எவ்வளவு அக்கறையா பாத்துக்குவாங்கன்னு எனக்கு சந்தேகம் இருந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துக்கு பயம் இல்லன்னு நான் அப்போ நினைச்சேன், அதுவும் என் கணிப்பு தான். ரொம்ப வருஷம் வச்சு ஓட்டலாம்னு நினைக்காம, நல்ல விலை கிடைக்கற காலத்துலயே வித்து மாத்திக்கணும்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டர்ல எச்டி ஹோம்ரன் பிரைம்னு ஒரு டியூனர் பெட்டிய மாட்டி விண்டோஸ் மீடியா சென்டர்ங்கற சாஃப்ட்வேர்ல ரெக்கார்டு பண்றது தான் இருக்கறதுலயே மலிவான வழியா இருந்துச்சு, மாசக் காசே இல்ல. ஆனா விண்டோஸ் 10ல மீடியா சென்டர தூக்கிட்டாங்க, அதனால புதுசா யாரையும் அந்தப் பக்கம் போகச் சொல்ல மனசு வரல.

யார் வாங்க வேண்டாம்? தமிழ் சேனலுக்காக டிஷ் வச்சிருக்கறவங்க, டைரக்டிவி சாட்டிலைட் ஆளுங்க, ஏடி அண்ட் டியோட யூ-வெர்ஸ் டிவி ஆளுங்க, உங்களுக்கு கேபிள்கார்டே கிடையாது, அவங்க பெட்டி தான் கதி. விசா புராஜெக்ட்டுன்னு ஒரு வருஷத்துல ஊரு மாறப் போறவங்களும் வாடகைலயே இருங்க, போற ஊர்ல எந்த கம்பெனி வரும்னு தெரியாம ஆயிரம் டாலர முடக்காதீங்க. ஒரே டிவி, என்னைக்கோ ஒரு நாள் ரெக்கார்டு பண்றவங்களுக்கும் இது வேண்டாத செலவு. சொந்த வீடு, ரெண்டு மூணு டிவி, கேபிள விடற எண்ணம் இல்லங்கறவங்க தயங்காம வாங்கலாம்ங்கறது தான் அப்போ என் முடிவு.

வாங்குனதும் வாடகைப் பெட்டிய உடனே திருப்பிக் குடுத்துடாதீங்க, கார்டு பேர் ஆகி ஒரு வாரம் எல்லா சேனலும் ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு அப்புறம் குடுங்க. ரிமோட், பவர் கார்டு எல்லாம் சேத்து நேர்ல கொண்டு போய் குடுத்து, ஒவ்வொரு பெட்டியோட சீரியல் நம்பரும் இருக்கற ரசீத கையில வாங்கிட்டு வாங்க. அடுத்த ரெண்டு பில்லுல அந்த 19ம் 10ம் நிஜமாவே போயிடுச்சான்னு பாக்கற வரைக்கும் அந்த ரசீத தூக்கிப் போட்டுடாதீங்க.