மரபணு வெளிப்பாட்டை ஆராய இரு வழிகள்: திடீர்மாற்றமா, தூய்மைப்படுத்தலா?

செல் எந்த மரபணுவை எப்போது இயக்குகிறது, எப்போது அடக்குகிறது என்பதையே வாழ்நாள் பணியாகக் கொள்ளும் உயிர்வேதியியல் பேராசிரியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. திடீர்மாற்றம் அடைந்த உயிரிகளைக் கொண்டு கட்டுப்பாட்டை ஊகித்தறிவது ஒன்று. செல்லை உடைத்து, புரதங்களைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் மீண்டும் இயக்கிப் பார்ப்பது மற்றொன்று.

முதல் வழியின் வலிமைக்கு, பிரெஞ்சு அறிவியலாளர்கள் ஜேக்கப்பும் மோனோவும் 1961-இல் முன்வைத்த ஓப்பரான் கோட்பாடு (அருகருகே உள்ள சில மரபணுக்கள் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் சேர்ந்தே இயங்குகின்றன என்பது) சான்று. மரபணுவை அடக்கி வைக்கும் மூலக்கூறான ஒடுக்கியைக் கண்ணால் காணாமலேயே, ஈ. கோலை பாக்டீரியாவின் திடீர்மாற்ற வகைகளை ஒப்பிட்டு, அப்படியொன்று இருந்தே தீர வேண்டும் என்று நிறுவினார்கள். ஆனால் அது ஆர்.என்.ஏ. ஆக இருக்கலாம் என்று கருதியதில் சறுக்கினார்கள். செல்லுக்குச் சுமார் பத்து மூலக்கூறுகளே இருக்கும் அந்த ஒடுக்கியை கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் 1966-இல் பிரித்தெடுத்த பிறகே அது புரதம் என்பது தெளிவானது.

இரண்டாவது வழி பொறுமையைச் சோதிப்பது. குளிர் அறையில் நின்று, புரதங்களைப் பிரிக்கும் பொருள் நிரப்பிய நிரல் (column) வழியே சொட்டும் கரைசலைக் குழாய் குழாயாகச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் நொதியின் செயலை அளக்க வேண்டும். 1969-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரோடர் அவ்வாறு அளந்தபோது, விலங்குச் செல்களில் ஒன்றல்ல, மூன்று ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள் (டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. உருவாக்கும் நொதிகள்) இருப்பது மூன்று தனித்தனி முகடுகளாகத் தெரிந்தது. எந்தத் திடீர்மாற்றமும் இதை இவ்வளவு நேரடியாகக் காட்டியிருக்காது என்பது என் கருத்து. எனினும், செல்லில் உள்ளதுபோல் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றப்படாத வெறும் டி.என்.ஏ. நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டு செல்லுக்குள் நடப்பதை அப்படியே சொல்லிவிட முடியாது.

இரு வழிகளும் ஒரே இடத்தில் சந்தித்ததும் உண்டு: ஈஸ்டில், மரபணுவை இயக்கும் புரதங்களின் சைகையை ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்குக் கடத்தும் மீடியேட்டர் புரதத் தொகுதியை கோர்ன்பெர்க் தூய்மைப்படுத்தலின் வழியாகவும், அதன் கூறுகளை யங் திடீர்மாற்றங்களின் வழியாகவும் தனித்தனியே வந்தடைந்தனர்.