அலைவரிசையா, செயலியா, குரல்பதிவா: மலை வானொலி எதை முதலில் பிடிப்பது?

கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைக் கொள்முதல் கொட்டகையில், தராசுக்கு மேலே அடித்த ஆணியில் ஒரு பழைய ரேடியோ தொங்குகிறது. ஏரியல் ஒடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், அந்த இடத்தில் செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றி மறுமுனையை ஜன்னலில் கட்டியிருக்கிறார்கள். அதே ஜன்னலின் ஓரத்தில் ஒரு செல்போன் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். கொட்டகைக்குள் சிக்னல் எட்டுகிற ஒரே இடம் அதுதான். ரேடியோ தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்க, இலை நிறுக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது போய்ப் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். மலைப்பகுதி வானொலி ஒன்று டிஜிட்டல் ஊடகத்துக்குள் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்ற கேள்வியை நான் அந்த ஜன்னலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

நிலையங்களின் முன் இன்று பெரும்பாலும் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. ஒலிபரப்பை அப்படியே இணையத்தில் நேரலையாக ஓடவிடுவது முதல் வழி. நிகழ்ச்சிகளை நறுக்கி, வேண்டும்போது கேட்கும் பாட்காஸ்டாகவோ வாட்ஸ்அப் குரல்பதிவாகவோ தருவது இரண்டாவது. நேயரின் குரலை உள்ளே வாங்கும் தொலைபேசி வழிகளைத் திறப்பது மூன்றாவது. மூன்றையும் செய்யலாமே என்று சொல்வது எளிது. இரண்டு மூன்று பேரும் ஒரு கணினியும் மட்டுமே உள்ள நிலையத்துக்கு அது பதிலாகாது.

இவற்றை எடைபோடும் முன், கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தொலைவுக்கு அவற்றின் அடிவானம் விரியும். சமவெளியிலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆண்டெனாவுக்குக் கணக்குப்படி சுமார் 180 கிலோமீட்டர் வரை பார்வை உண்டு. பழனி மலையின் மேலிருந்து 10 கிலோவாட் திறனுடன் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கொடைக்கானல் பண்பலையை மதுரை, திண்டுக்கல், தேனி மக்கள் தங்கள் ஊர் நிலையம்போல் பாவிப்பதற்குக் காரணம் இந்த உயரம்தான். ஆனால் அதே விதி மலைக்குள் இருப்பவர்களுக்கு எதிராகவும் வேலை செய்கிறது. முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் அலை மறைந்துவிடுகிறது. நீலகிரியில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், தெளிவாகக் கேட்கும் நிலையம் அடுத்த வளைவில் இரைச்சலாகிவிடுகிறது. உள்ளூர் அமைப்புகள் தங்கள் வட்டாரத்துக்காக நடத்தும் சமுதாய வானொலியின் நிலை இன்னும் குறுகியது. விதிகள் அதற்கு அனுமதிப்பது வழக்கமாக 50 வாட் டிரான்ஸ்மிட்டர், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு மின்திறன். சமவெளியிலேயே அதன் வீச்சு பத்துப் பதினைந்து கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

அந்த மறைவிடங்களை இணைய நேரலை நிரப்பிவிடும் என்பதுதான் முதல் வழியை முன்வைப்பவர்களின் வாதம். டேட்டா செலவு இங்கே தடையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் செலவாவது 29 எம்.பி. அளவுதான், எட்டு மணி நேரம் கேட்டாலும் சுமார் 230 எம்.பி.தான். அன்றாடம் ஒன்றரை ஜி.பி. வைத்திருப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட மாட்டார்கள். தடை வேறு இடத்தில் இருக்கிறது. நேரலைக்கு இடைவிடாத சிக்னல் வேண்டும். பண்பலை எட்டாத பள்ளத்துக்குப் பெரும்பாலும் டவரும் எட்டுவதில்லை, ஏனென்றால் இரண்டையும் மறிப்பது ஒரே மலைதான். தோட்டத்தில் காலை முதல் மாலை வரை நிற்கும் பெண் ஒருவர் போனின் பேட்டரியை வானொலிக்காகத் தீர்த்துவிடவும் மாட்டார், ஏனென்றால் பிள்ளையின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டியதும் அதே போன்தான்.

அப்படியானால் நேரலை யாருக்குப் பயன்படுகிறது? மலையை விட்டு இறங்கியவர்களுக்கு. திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய்விட்ட படுகர் குடும்பங்களுக்கு, ஹெத்தையம்மன் திருவிழா நாளில் ஊரின் ஓசையைக் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆகாசவாணி தன் 200க்கும் மேற்பட்ட அலைவரிசைகளை நியூஸ்ஆன்ஏர் செயலியில் ஏற்கெனவே தருகிறது. ஆகவே அரசு நிலையத்துக்கு இது புதிய செலவும் அல்ல. சிறிய நிலையம் தனக்கென்று ஒரு செயலியைச் செய்து அதைப் பராமரிப்பதைத்தான் நான் வீண் என்கிறேன். பண்பலையில் ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டரின் மின்கட்டணம் ஒன்றுதான். இணையத்தில் கேட்பவர் ஒவ்வொருவரும் சர்வரின் பாரத்தைக் கூட்டுகிறார். கூட்டம் கூடக்கூடச் செலவும் கூடும் இந்த ஏற்பாடு, விளம்பர வருமானம் சொற்பமாக உள்ள நிலையத்துக்கு ஒத்துவராது.

பாடல் உரிமை என்னும் இன்னொரு முள்ளும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு வானொலிக்குத் தரும் சட்டபூர்வ உரிமம், பதிவிறக்கமும் ஸ்ட்ரீமிங்கும் வழங்கும் இணையச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் அதே நீதிமன்றத்தின் அமர்வு அதை உறுதி செய்தது. அலைவரிசையில் ஒலித்தது என்பதற்காகவே ஒரு பாட்டை யூடியூபில் ஏற்றிவிட முடியாது. இதைத் தடையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பாட்டை எடுத்துவிட்டால் நம் நிகழ்ச்சியில் மிஞ்சுவது என்ன என்று நிலையம் தன்னையே கேட்டுக்கொள்ள இந்த முள் உதவுகிறது.

மிஞ்சுவது பேச்சு. இரண்டாவது வழியின் பலமும் அதில்தான் இருக்கிறது. பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் அறிவித்த விலை, குன்னூர் ஏலத்தின் போக்கு, மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் போன விலை, இன்றிரவு உறைபனி விழுமா என்ற எச்சரிக்கை ஆகியவை இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடியவை. முன்சொன்ன வேகத்தில் இரண்டு நிமிடப் பதிவு ஒன்று 1 எம்.பி.கூட வராது. நேரலைக்கு இல்லாத ஒரு குணம் குரல்பதிவுக்கு உண்டு: அது காத்திருக்கும். பேருந்து நிறுத்தத்திலோ மேட்டுக் கடையிலோ அரை நிமிடம் சிக்னல் கிடைத்தால் இறங்கிக்கொள்ளும். பிறகு சிக்னலே இல்லாத தேயிலைக் காட்டுக்குள் வைத்து இரண்டு தடவை, மூன்று தடவை கேட்கலாம், பக்கத்து நிரையில் பறிப்பவருக்கும் போட்டுக் காட்டலாம். அந்தக் கொட்டகை ஜன்னலில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பவர்கள் ஏற்கெனவே இப்படித்தான் வாழ்கிறார்கள். விட்டுவிட்டு வரும் சிக்னலுக்கு விட்டுவிட்டுக் கேட்கும் வடிவமே பொருந்தும். நிலையத்துக்குக் கூடுதல் வேலையும் அதிகமில்லை. ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கு உள்ள விதி என்பதால், நறுக்க வேண்டிய பதிவு எப்படியும் கணினியில்தான் கிடக்கிறது.

ஆனால் காத்திருக்கும் குணமே இதன் ஆபத்தும் ஆகும். ஒருமுறை மழைக்காலத்தில், பர்லியார் அருகே மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டுவிட்டது என்ற குரல்பதிவு எங்கள் உறவினர் குழுவில் வந்ததை நம்பி, குன்னூரிலிருந்து கோத்தகிரி சுற்றி மேட்டுப்பாளையம் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் அது முந்தைய ஆண்டின் பதிவு என்று தெரிந்தது. பேசியவரின் குரல் அறிவிப்பாளர் குரல்போலவே கணீரென்று இருந்ததுதான் நான் நம்பியதற்குக் காரணம். நேரலையில் பழைய செய்தி என்பதே இருக்க முடியாது. நறுக்கிய துண்டு எந்த ஆண்டிலும் உயிர்த்தெழும். எனவே ஒவ்வொரு பதிவும் கிழமை, தேதி, நிலையத்தின் பெயர் ஆகிய மூன்றையும் அறிவிப்பாளரின் வாயாலேயே சொல்லித் தொடங்க வேண்டும். கோப்பின் பெயரில் எழுதி வைத்தால் போதாது, ஏனென்றால் அடுத்தவருக்கு அனுப்பும்போது அந்தப் பெயரை யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது வழிக்கு வருவோம். நேயர் நேரலை நிகழ்ச்சி கேட்டுப் பழகியவர்களுக்கு 'ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டுப் பேசுங்க' என்ற வாக்கியம் மனப்பாடம். இணைய நேரலையில் ஒலி பல விநாடிகள், சில நேரம் அரை நிமிடம்கூடப் பிந்தி வருவதால், பேசுபவர் தன் குரலையே தாமதமாகக் கேட்டுத் தடுமாறுவார். உடனடி உரையாடலுக்குப் பண்பலையும் சாதாரணத் தொலைபேசியுமே இன்னும் நல்ல ஜோடி. உடனடியாக இல்லாமல் பதிவாக வாங்குவதென்றால் வாட்ஸ்அப் குரல்பதிவு வசதியானது. இணையமே இல்லாத பட்டன் போன் வைத்திருப்பவருக்கு மிஸ்டு கால் முறை உண்டு: அவர் அழைத்துத் துண்டித்தால் கணினி திருப்பி அழைத்து அவருடைய பேச்சைப் பதிவு செய்துகொள்ளும், அவருக்குச் செலவில்லை. சத்தீஸ்கரின் பழங்குடிப் பகுதிகளில் 2010 முதல் சிஜிநெட் ஸ்வரா என்னும் மக்கள் செய்திச் சேவை செய்துகாட்டியது இதுபோன்ற தொலைபேசிவழி ஏற்பாட்டைத்தான். நீலகிரிக்கு இது இன்னும் பொருந்தும். படுகு, தோடர், கோத்தர் மொழிகளுக்குப் பெருவழக்கில் உள்ள தனி எழுத்து இல்லாததால், கருத்தைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்பது நேயரை முதலில் வேறொரு மொழிக்கு மாறச் சொல்வதாகும். குரலை அனுப்புங்கள் என்றால் பாட்டியும் பேசுவார். கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பின் 90.4 சமுதாய வானொலி போன்றவற்றுக்கு இந்த வழி மற்ற இரண்டையும்விட இயல்பானது.

அறிவிப்பாளர் முகம் காட்டும் குறுங்காணொளிகளைப் பற்றி நீட்ட எனக்கு விருப்பமில்லை. அவற்றின் பார்வை எண்ணிக்கை இனிக்கும்; ஆனால் அந்த எண்ணிக்கையைத் துரத்தும் நிலையம் தேயிலை விலையை விட்டுவிட்டு நடிகர் செய்திக்குப் போய்விடும்.

மூன்று வழிகளில் எதுவும் டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாள்களில் மின்சாரம் போய், டவர்களின் பேட்டரியும் தீர்ந்த பிறகு, ஜெனரேட்டரில் ஓடும் ஒரு நிலையமும் இரண்டு செல்லில் ஓடும் ஒரு ரேடியோவும் மிஞ்சும். செல்போன்களில் பண்பலை வாங்கியை முடக்கக் கூடாது என்று மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதற்கும் பேரிடர்த் தொடர்பே ஒரு காரணம். அந்த வசதி உள்ள போனில் இயர்போன் ஒயரே ஏரியலாக வேலை செய்யும். ஒயர் இல்லாத இயர்பட்ஸ் இங்கே உதவாது.

ஆகவே என் வரிசை இது. கோத்தகிரி, குந்தா போன்ற பகுதிகளின் சிறு நிலையம் ஒன்றின் கையில் ஓராண்டுக்கு ஒரு சம்பளத்துக்கான பணம் மட்டும் இருந்தால், அதைச் செயலிக்குக் கொடுக்காமல் ஒரு ஆளுக்குக் கொடுக்க வேண்டும். நேயர்களின் குரல்பதிவுகளைக் கேட்டுப் பிரிப்பதும், நிகழ்ச்சியை இரண்டு நிமிடமாக நறுக்கித் தேதி சொல்லி அனுப்புவதும் அவர் வேலை. கொடைக்கானல் போல மாவட்டங்களைத் தாண்டிக் கேட்கும் பெரிய நிலையத்துக்கு வரிசை மாறும்: அதன் நேயரில் பலர் டவர் நன்றாகக் கிடைக்கும் சமவெளியில் இருக்கிறார்கள், தனியார் பண்பலைகளும் அவர்களை இழுக்கின்றன, அங்கே நேரலை முன்னால் வருவதில் தவறில்லை. சிறு நிலையத்தின் அந்த ஆள் எந்த நேரத்தில் பதிவை அனுப்புவது என்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டியதுதான். மாலை இலை நிறுத்து முடிந்து, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெண்கள் மேட்டுச் சாலைக்கு ஏறும் நேரத்துக்குச் சற்று முன்னால் அனுப்பினால், சிக்னல் உள்ள வளைவுக்கு அவர்கள் வரும்போது அது போனில் வந்து இறங்கியிருக்கும்.