பிள்ளைகளோடு ரோம் போகிறவர்கள் கொலோசியம் டிக்கெட் வாங்கும்முன் இதைப் படியுங்கள்

போன மாதம் குடும்பத்தோடு ரோம் போயிருந்தோம், மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. கொலோசியம் டிக்கெட்டுக்காக இணையத்தில் தேடியதும் முதலில் வந்த தளம் பார்வைக்கு அரசுத் தளம் மாதிரியே இருந்தது. தலைக்கு 45 யூரோ, பிள்ளைகளுக்கும் அதே தொகை. யோசிக்காமல் 180 யூரோ கட்டிவிட்டோம்.

வந்தது டிக்கெட் இல்லை. கொலோசியத்தை ஒட்டி நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவுக்குப் பக்கத்தில் கைடு வந்து டிக்கெட் தருவார் என்று ஒரு சீட்டுதான். அவர் 50 நிமிடம் தாமதம். வெயிலில் உட்காரக்கூட இடமில்லாமல் சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். 'வரிசையில் நிற்கவே வேண்டாம்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள், ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும்தான் நிற்க வேண்டும், எந்த டிக்கெட்டாக இருந்தாலும்.

டிக்கெட்டைக் கையில் வாங்கிய மகள், "அப்பா, எங்க ரெண்டு பேரோடதுலயும் பூஜ்யம்னு போட்டிருக்கே" என்றாள். எங்களுடையதில் 18 யூரோ. 18 வயதுக்குக் கீழே இருந்தால், எந்த நாட்டுப் பிள்ளையானாலும், அங்கே கட்டணமே கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. மொத்தமே 36 யூரோ ஆகியிருக்க வேண்டியது.

உள்ளே கைடு எங்களை 40 நிமிடத்தில் ஓட்டிக்கொண்டு போனார். அரங்கத் தரைக்கு அடியில் இருந்த அறைகளிலிருந்து விலங்குகளைத் தூக்கிகளில் வைத்து, அடிமைகள் சுழற்றிச் சுழற்றி மேலே ஏற்றுவார்களாமே, அது எந்த இடம் என்று கேட்பதற்காக மகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கேட்டாள். "அப்புறம்" என்றார், கடைசிவரை சொல்லவே இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

வெளியே வந்ததும், பக்கத்திலேயே பழைய ரோமின் இடிபாடுகள் இருக்கும் ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் பார்க்கத் தலைக்கு இன்னொரு 20 யூரோ கேட்டார். மனைவிக்குச் சந்தேகம் வந்து ஃபோரம் வாசலில் இருந்த ஊழியரிடம் விசாரித்தாள். நாங்கள் வைத்திருந்த அதே டிக்கெட்டிலேயே அது இரண்டும் சேர்த்தி, 24 மணி நேரம் செல்லும் என்றார். நல்லவேளை, அந்த 80 யூரோ தப்பியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'சேவைக் கட்டணம்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன், இன்னும் முடிவு தெரியவில்லை.

நீங்கள் வாங்கும்போது பிள்ளைகளின் சாதாரண நுழைவு டிக்கெட்டைச் சேர்த்துப் பாருங்கள். அதற்கு 0 யூரோ என்று காட்டாமல் தொகை ஏறினால் அது கொலோசியத்தின் சொந்தத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.