டேங்க் ஆட்டோமேட்டிக்: நாலு வருஷத்துக்குப் பிறகு

எதிர்வீட்டு அண்ணன் நேற்றுக் கேட்டார்: "தம்பி, அந்த ஆட்டோமேட்டிக் பெட்டி வாங்கலாமுங்களா?" டேங்க் காலியானால் மோட்டாரைத் தானே போட்டு, நிறைந்தால் தானே நிறுத்தும் பெட்டி அது. கேட்ட நேரம் சரியில்லை. அதன் மிதவையை மாட்டிவிட்டு அப்போதுதான் மொட்டை மாடியிலிருந்து இறங்கியிருந்தேன், கையில் ஸ்க்ரூ டிரைவரும் பழைய டூத் பிரஷுமாக.

கோயம்புத்தூரில் பல வீடுகளைப் போல எங்களுக்கும் இரண்டு தண்ணீர், இரண்டு டேங்க். சிறுவாணித் தண்ணீர் சம்ப்பில் விழும், அரை ஹெச்.பி. மோட்டார் மேலே ஏற்றும். குளிக்க, துவைக்க போர் உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் ஒரே மாடல் பெட்டி.

சிறுவாணிப் பக்கம் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அணை கேரளத்துக்குள், தாகம் இந்தப் பக்கம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வர எட்டு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும், வருவதும் நடு ராத்திரி. சம்ப்பில் ஒரு சாணுக்குக் கீழே போனதும் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிடுகிறது. முன்பெல்லாம் வெறுந்தொட்டியில் ஓடி, வாட்டர் சீல் கருகி, கோடைக்கு ஒரு தடவை மெக்கானிக் வருவார். இந்த நாலு வருஷத்தில் ஒரு கப்பாசிட்டர் மாற்றியதோடு சரி. மிதவையை நான் தொட்டதே இல்லை.

உப்புத் தண்ணீர் டேங்க்கில் அதே பெட்டிக்கு வேறு ஜென்மம். சென்சார் என்பது ஒரு தண்டு, காந்தம் வைத்த மிதவை அதில் ஏறி இறங்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து தண்டில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறது. நடுவில் இருப்பதோ நூலளவு சந்து. மிதவை மேலே ஒட்டிக்கொண்டால் பெட்டிக்கு டேங்க் எப்போதும் நிறைகுடம். பச்சை லைட் சிரிக்கும், தலையில் ஷாம்பூவோடு நிற்கையில் குழாயில் காற்று வரும். கீழே ஒட்டிக்கொண்டால் சன்ஷேடில் அருவி.

கம்பெனிக்குப் போன் போட்டால், "உப்புத் தண்ணிக்கு வாரண்டி கிடையாதுங்க சார்." அதை அட்டைப்பெட்டி மேல் ஒரு வரி அச்சடித்திருக்கக் கூடாதா? வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் நுரைத்துக்கொண்டு உதிர்கிறது. எலுமிச்சம்பழமும் போட்டுப் பார்த்தேன், பழம்தான் வீண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சடங்கு.

பெட்டி இல்லாத காலத்தில் டேங்க் வழிந்தால் பக்கத்து வீட்டு அக்கா, "ஏனுங், தண்ணி போகுதுங்!" என்று குரல் கொடுப்பார், போய் சுவிட்சை அணைப்பேன். டேங்க் கழுவ வருஷத்துக்கு ஒருமுறை மேலே ஏறினால் அதிகம். அந்த ஒருமுறைகூட ஏற வேண்டாம் என்றுதானே பெட்டிக்கு 2,600 ரூபாய் கொடுத்தேன்!

அண்ணனிடம், "வாங்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் போரே கிடையாது, சிறுவாணி மட்டும்தான் என்பது வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பப் போய்ச் சொல்லவில்லை. முதலில் கையிலிருந்து வினிகர் வாடை போகட்டும்.