ஸ்டீல் வெஞ்சன்ஸா, அயர்ன் குவாசியா: எந்தக் காத்திருப்பு சுகம்?

அமெரிக்காவின் இந்த ரோலர் கோஸ்டர்கள் இரண்டுமே ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்தின் வேலை. பழைய மர ரோலர் கோஸ்டரின் சட்டகத்தில் தேவையானதை வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய எஃகுத் தண்டவாளம் பூட்டுவது அவர்கள் பாணி. ஆனால் ரசிகர்கள் காத்திருந்த விதம் முற்றிலும் வேறு.

ஓஹையோவின் சீடர் பாயிண்ட் கேளிக்கைப் பூங்கா, மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற தன் பழைய மர ரோலர் கோஸ்டரை 2016 செப்டம்பரில் மூடியது. அடுத்து என்ன வரும் என்று பல மாதங்கள் சொல்லவே இல்லை. மரச்சட்டத்தின் மேல் எஃகு ஏறுவதைப் பார்த்தே ரசிகர்கள் ஊகித்தார்கள்: இறக்கம் எவ்வளவு செங்குத்து, எங்கே தலைகீழாகப் புரளும், எங்கே இருக்கையை விட்டு உடம்பு எழும்பும்? 2017 ஆகஸ்டில்தான் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற பெயர் வெளிவந்தது. 205 அடி உயரம், 90 டிகிரி இறக்கம், 5,740 அடி நீளம். 2018 மே மாதம் திறந்தார்கள்.

ஃப்ளோரிடாவின் புஷ் கார்டன்ஸ் டாம்பா பே பூங்காவில் அயர்ன் குவாசி 2020-இல் வர வேண்டியது. கொரோனா வந்தது. 206 அடி உயரமும் 91 டிகிரி இறக்கமும் கண்ணெதிரே நிற்க, 2022 மார்ச் வரை ஏற முடியவில்லை. ஊகிக்க எதுவும் மிச்சமில்லாத காத்திருப்பு அது, ரொம்பக் கொடுமை.

எனக்கு ஸ்டீல் வெஞ்சன்ஸ் காத்திருப்புதான் பிடிக்கும். கட்டுமானம் ஒரு புதிராக இருக்கும்வரை ஆசை வளர்ந்துகொண்டே போகும். ஆனால் தண்டவாளத்தின் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு ஏற நினைப்பவர்களுக்கு அயர்ன் குவாசி போதுமான அவகாசம் தந்தது.