படம் எடுக்க 10 அங்குல நியூட்டோனியன் வாங்குகிறீர்களா? கடைக்காரர் காட்டும் படத்தை உற்றுப் பாருங்கள்

மொட்டை மாடியிலிருந்து நெபுலா, கேலக்ஸி படம் எடுக்கத்தான் என்று தெளிவாகச் சொல்லியே ஒரு 10 அங்குல நியூட்டோனியன் டெலஸ்கோப் கேட்டேன். குழாயின் அடியில் உள்ள பெரிய முதன்மைக் கண்ணாடி ஒளியைக் குவிக்க, மேலே உள்ள சின்ன இரண்டாம் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வகை அது. எஃப்/5 (குவிதூரம் கண்ணாடியின் அகலத்தைப் போல 5 மடங்கு; இந்த எண் சிறிதானால் படம் சீக்கிரம் பதியும்), குவிதூரம் 1250 மி.மீ. "ஃபோட்டோவுக்குன்னே செஞ்சது சார், கேமராவை மாட்டினா போதும்" என்றார் கடைக்காரர். வந்ததோ கண்ணால் பார்ப்பதற்கான சாதாரணக் குழாய். கேமரா மாட்டும் நகரும் குழலான ஃபோகஸரைக் கடைசி வரை உள்ளே தள்ளியும் நட்சத்திரம் புள்ளியாகவில்லை, நடுவில் ஓட்டையோடு வளையமாகவே நின்றது.

கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்காகச் செய்த குழாயில் பிம்பம் ஃபோகஸர் வாய்க்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். கேனான் டிஎஸ்எல்ஆரில் சென்சார், லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. அடாப்டரும் சேர்ந்தால் பிம்பம் சென்சாரை எட்டவே எட்டாது. படத்துக்கென்று செய்பவர்கள், பிம்பம் இன்னும் வெளியே தள்ளி விழும்படி முதன்மைக் கண்ணாடியை முன்னால் தள்ளி வைப்பார்கள், இரண்டாம் கண்ணாடியையும் பெரிதாக்குவார்கள். டெலஸ்கோப் விற்பவருக்கு இது தெரியாதா என்ன?

ஃபோன் செய்தால், "ஒரு பார்லோ போட்டுக்குங்க, ஃபோகஸ் வந்துடும்" என்கிறார். பார்லோ என்பது குவிதூரத்தை நீட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ். ஃபோகஸ் வரும்தான். ஆனால் 2எக்ஸ் பார்லோ போட்டால் எஃப்/5 என்பது எஃப்/10 ஆகிவிடும். அதே நெபுலாவுக்கு நாலு மடங்கு நேரம் எக்ஸ்போஷர் வேண்டும், டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் சின்னத் தடுமாற்றமும் இரண்டு மடங்காகத் தெரியும். இவ்வளவு பெரிய கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதே வெளிச்சத்துக்காகத்தானே? அதைப் பறித்துக்கொள்வது எப்படித் தீர்வாகும்?

எனக்கு ஆத்திரம் வந்தது இதற்கல்ல. "இதே டெலஸ்கோப்பில் எடுத்தது" என்று அவர் அனுப்பியிருந்த கார்த்திகைக் கூட்டத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் அத்தனையும் மழமழவென்று உருண்டையாக இருக்கின்றன. நியூட்டோனியனில் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் நான்கு தகடுகளால் பிரகாசமான நட்சத்திரம் ஒவ்வொன்றிலும் சிலுவை போலக் கதிர் விழும். அந்தப் படத்தில் ஒன்றில்கூட இல்லை. போதாததற்கு, மொத்தக் கூட்டமும் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு நிற்கிறது. 1250 மி.மீ.யில், சாதாரண டிஎஸ்எல்ஆரில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சாருக்குள் அடங்குவது சுமார் 1 டிகிரி அகலம்தான். கூட்டமே அதை நிரப்பிவிடும், சுற்றிலும் இடம் மிஞ்சாது. அது ஏதோ சின்ன லென்ஸ் டெலஸ்கோப்பில் எடுத்த படம். பொய் சொல்லித்தான் விற்றிருக்கிறார்.

திருப்பிக் கேட்டதற்கு, பெட்டி பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது?

வாங்குகிறவர்கள் அதே மாடலில் எடுத்த, ஓரம் வெட்டாத ரா ஃபைலைக் (கேமரா பதிந்தபடியே இருக்கும், திருத்தாத கோப்பு) கேளுங்கள். மூலை நட்சத்திரங்களுக்கு வால் முளைத்திருந்தால், அதைச் சரிசெய்யும் கோமா கரெக்டர் லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள். அப்புறம், "பார்லோ இல்லாமல் டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் வரும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் அவருடைய வாட்ஸ்அப் செய்திகளையும் அந்தப் படத்தையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.